வடிகாலும் ரோந்து வண்டியும்: கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரின் கணக்கு

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகராட்சி தன் போலீஸ் ஹெலிகாப்டர்களை இணையத்தில் விற்பனைக்கு வைத்தது. அதே சமயத்தில் ஊரின் தெருவிளக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பூங்காக்களில் இருந்த குப்பைத் தொட்டிகளை அகற்றிவிட்டு, குப்பையை அவரவரே வீட்டுக்கு எடுத்துப் போகும்படி பலகை வைத்தார்கள். மாலை நேரத்திலும் சனி ஞாயிறுகளிலும் நகரப் பேருந்து நின்றுபோனது. புல்தரைகளுக்குத் தண்ணீர் விடுவது பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. புதிதாகத் தார் போட நகராட்சியிடம் சொந்தப் பணம் இல்லை. போலீஸிலும் தீயணைப்புத் துறையிலும் காலியான பல இடங்கள் நிரப்பப்படாமலே விடப்பட்டன.

ஆலைகள் மூடி, ஜனங்கள் வெளியேறி, நொடித்துப்போன ஓர் ஊரில் இப்படி நடந்திருந்தால் புரிந்துகொள்ளலாம். கொலராடோ ஸ்பிரிங்ஸ் அப்படிப்பட்ட ஊர் இல்லை. 1950இல் அங்கே 45,000 பேர் இருந்தார்கள். 2000இல் 3,60,000. 2010 கணக்கெடுப்பில் 4,16,000. விளக்குகள் அணைந்த அந்த ஆண்டிலும் ஊர் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வளரும் ஊருக்கு ஏன் தன் தெருவுக்கு விளக்குப் போடவும் ரோந்துக்கு ஆள் அனுப்பவும் முடியவில்லை என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது. என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பரந்து விரியும் ஒரு நகரில் போலீஸுக்கு எவ்வளவு பணம் கிடைக்கும் என்பது போலீஸ் பட்ஜெட்டைப் பற்றிய விவாதத்தில் முடிவாவது குறைவு. எங்கே வீட்டுமனைக்கு அனுமதி கொடுத்தார்கள், மழைநீர் வடிகாலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள், வரி எதன்மேல் விழுகிறது என்பதில்தான் அது பெரும்பாலும் முடிவாகிறது.

ஊர் விரிந்த விதம்

பைக்ஸ் பீக் மலையின் கிழக்கு அடிவாரத்தில் 1871இல் வில்லியம் ஜாக்சன் பாமர் என்ற ரயில்வே அதிபர் உருவாக்கிய ஊர் இது. நோயிலிருந்து தேறவும் ஓய்வெடுக்கவும் பணக்காரர்கள் வந்து தங்கிய இடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து ராணுவம் அதன் முகத்தை மாற்றியது. ஃபோர்ட் கார்சன் ராணுவத் தளம், பீட்டர்சன் விமானப்படைத் தளம், விமானப்படை அகாடமி, செயென் மலைக்குள் குடையப்பட்ட வான் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு மையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றோடு சிப்பாய்கள், அவர்களுடைய குடும்பங்கள், ஓய்வுபெற்ற பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர்கள், ராணுவ ஒப்பந்த நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள்.

மேற்கே மலை தடுத்ததால் ஊர் கிழக்கிலும் வடக்கிலும் இருந்த சமவெளியில் படர்ந்தது. இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர். பெருநகர சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரைவிட இது அதிகம். ஆனால் 2020 கணக்குப்படி கொலராடோ ஸ்பிரிங்ஸில் வாழ்பவர்கள் 4,79,000 பேர்தான். சென்னையைவிட அகலமான நிலத்தில் ஐந்து லட்சத்துக்கும் குறைவானவர்கள்! ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவே, ஒவ்வொரு குடியிருப்புக்கும் நடுவே எவ்வளவு சாலை, எவ்வளவு குழாய், எவ்வளவு கம்பி வேண்டியிருக்கும் என்பதை இந்த ஒரு கணக்கை வைத்தே ஊகிக்கலாம்.

இந்த விரிவின் உச்சம் 1988. பானிங் லூயிஸ் ராஞ்ச் என்ற பெரிய மேய்ச்சல் நிலத்தை, சுமார் 24,000 ஏக்கர், ஒரே வீச்சில் நகர எல்லைக்குள் இணைத்தார்கள். அங்கே ஒரு துணை நகரமே எழும் என்று எதிர்பார்த்தார்கள். விரைவிலேயே ரியல் எஸ்டேட் சந்தை சரிந்து, திட்டம் போட்டவர் கடனில் மூழ்கினார். நிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் புல்வெளியாகவே கிடந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த நிலத்தில் மனை போட வருகிறவர்கள் சாலை, பாலம், வடிகால் செலவில் பெரும்பங்கை ஏற்க வேண்டும் என்று இணைப்பு ஒப்பந்தத்தில் கறாராக எழுதியிருந்தார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் நகர எல்லையைத் தாண்டி, மாவட்ட நிர்வாகத்தின் கீழிருந்த நிலத்தில் அந்தச் சுமை இல்லை. வீடு கட்டுகிறவர்கள் அங்கே போனார்கள். அங்கே குடியேறியவர்கள் காலையில் நகரச் சாலைகளில் வண்டி ஓட்டி வேலைக்கு வந்தார்கள். விபத்தானால் நகரப் போலீஸ் வந்தது. அவர்களுடைய சொத்து வரியில் நகராட்சிக்கு ஒரு காசும் வராது. 2018இல்தான் நகராட்சி அந்த ஒப்பந்தத்தைத் தளர்த்தியது.

பணம் எங்கிருந்து வருகிறது

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. நம் மாநிலத்தில் காவல்துறைக்கான பணம் மாநில அரசின் பட்ஜெட்டிலிருந்து வருகிறது. சென்னை மாநகராட்சியின் வருமானம் குறைந்தால் சென்னையில் கான்ஸ்டபிள் எண்ணிக்கை குறையாது. அமெரிக்காவில் நகரப் போலீஸ் என்பது நகராட்சியின் ஒரு துறை. பூங்கா, நூலகம், சாலை, தீயணைப்பு எல்லாம் எந்தப் பையிலிருந்து பணம் எடுக்கின்றனவோ, அதே பையிலிருந்துதான் போலீஸும் எடுக்கிறது. பெரும்பாலான நகரங்களில் அந்தப் பையில் பாதி, அல்லது அதற்கும் மேல், போலீஸும் தீயணைப்பும் கொண்டுபோகின்றன. ஆகவே பை சுருங்கும்போது முதலில் மற்றவை எல்லாம் வெட்டுப்படும். அப்புறமும் போதாதென்றால் போலீஸ்.

கொலராடோ ஸ்பிரிங்ஸின் பை விசித்திரமானது. அங்கே நகராட்சியின் சொத்து வரி மிகமிகக் குறைவு. பொது நிதியில் பாதிக்கும் மேல் வருவது விற்பனை வரியிலிருந்து. அதாவது ஊரில் ஜனங்கள் கடைக்குப் போனால்தான் நகராட்சிக்குப் பணம். பொருளாதாரம் சுணங்கினால் மக்கள் புது டிவியையும் சோபாவையும் தள்ளிப்போடுவார்கள், வரி உடனே விழும். ஃபோர்ட் கார்சனிலிருந்து ஒரு படைப்பிரிவு ஈராக்குக்குப் போனால்கூட ஊர்க் கடைகளில் அது தெரியும். அதே நேரத்தில் திருட்டு, குடும்பச் சண்டை, விபத்து, மாரடைப்பு என்று வரும் அவசர அழைப்புகள் பொருளாதாரத்தோடு சேர்ந்து குறைவதில்லை. வரவு ஏறி இறங்கும், வேலை இறங்காது. ஒரு போலீஸ் துறையை இதன்மேல் நிறுத்துவது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு மேலே ஒரு பூட்டு. கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே குடிபெயர்ந்த டக்ளஸ் புரூஸ் என்ற வாடகை வீட்டு உரிமையாளர், வரி எதிர்ப்பை வாழ்க்கைப் பணியாகவே எடுத்துக்கொண்டவர். அவர் முன்வைத்த 'வரிசெலுத்துவோர் உரிமைச் சாசனம்' 1991இல் நகரிலும் 1992இல் கொலராடோ மாநிலம் முழுவதிலும் வாக்கெடுப்பில் வென்றது. அதன்படி எந்த வரி உயர்வுக்கும் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. விலைவாசி உயர்வையும் ஊரின் வளர்ச்சியையும் கூட்டி வரும் சதவீதத்துக்கு மேல் நகராட்சியின் வருமானம் வளரக் கூடாது. வளர்ந்தால் உபரியைத் திருப்பித் தர வேண்டும், அல்லது வைத்துக்கொள்ள மக்களின் அனுமதி பெற வேண்டும்.

வரிக்கு மக்களின் ஒப்புதல் கேட்பதில் தவறொன்றும் இல்லை. சிக்கல் உச்சவரம்பின் கணக்கில் இருக்கிறது. வருமானம் ஓராண்டு சரிந்தால், அடுத்த ஆண்டின் வரம்பு அந்தச் சரிந்த தொகையிலிருந்தே தொடங்கும். மந்தம் முடிந்து கடைகள் நிரம்பினாலும், நகராட்சி பழைய இடத்துக்கு ஒரே எட்டில் திரும்ப முடியாது. மாநில அளவில் இந்தக் கோளாறைச் சரிசெய்ய 2005இல் வாக்காளர்கள் ஒத்துக்கொண்டார்கள். நகரின் சொந்தச் சாசனத்தில் பூட்டு அப்படியே இருந்தது.

மக்கள் போலீஸுக்குப் பணம் கொடுக்க மறுத்தவர்களும் அல்லர். 2001 நவம்பரில் பொதுப் பாதுகாப்புக்கென்றே 0.4 சதவீத விற்பனை வரிக்கு அவர்களே வாக்களித்தார்கள். அந்தப் பணத்தில் காவலர்களை எடுத்தார்கள், தீயணைப்பு நிலையங்களைக் கட்டினார்கள். ஆனால் அதுவும் விற்பனை வரிதான். 2008இல் மந்தம் வந்தபோது பொது நிதியும் இந்தத் தனி நிதியும் ஒன்றாகவே சரிந்தன. தனிப்பெயரில் ஒரு வரி இருந்துவிட்டால் போலீஸ் பாதுகாப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை அதோடு போயிற்று.

ஒரு ரோந்துக்கு ஐந்து பேர்

பரந்த நகரில் போலீஸுக்கு ஏன் அதிகம் செலவாகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 'ஆயிரம் பேருக்கு எத்தனை போலீஸ்' என்ற ஒற்றை எண்ணை வைத்தே பெரும்பாலான விவாதங்கள் நடக்கின்றன. அந்த எண் தூரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு காவலர் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்கிறார். ஒரு பகுதியில் இரவும் பகலும் ஒரே ஒரு ரோந்து வண்டி, அதில் ஒரே ஒரு ஆள் இருக்க வேண்டுமென்றாலே 4.2 பேர் தேவை. விடுப்பு, உடம்புக்கு முடியாத நாள், பயிற்சி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகும் நாள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஐந்துக்குக் குறையாது. வண்டி, வயர்லெஸ், பெட்ரோல், மேலதிகாரி, அழைப்பை வாங்கும் கட்டுப்பாட்டு அறை எல்லாம் தனி.

நெருக்கமான ஊரில் அந்த ஒரு வண்டி சில சதுர கிலோமீட்டருக்குள் சுற்றும். அடுத்த வண்டி பக்கத்திலேயே இருக்கும், ஒருவருக்கு உதவி தேவைப்பட்டால் இன்னொருவர் இரண்டு நிமிடத்தில் வருவார். பரந்த ஊரில் அதே வண்டி பல மடங்கு நிலத்தைப் பார்க்க வேண்டும். குடும்பச் சண்டை போன்ற அழைப்புக்குத் தனியாள் உள்ளே போவது ஆபத்து. இரண்டாவது வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். அது வரும் வழியில் இருக்கும் நேரத்தில் அதன் பகுதி காலியாகக் கிடக்கும். ஒருவரைக் கைது செய்தால் மையச் சிறைக்குக் கொண்டுபோய்ப் பதிவு செய்து திரும்ப வேண்டும். அந்த நேரம் முழுக்க ஒரு பகுதிக்கு ஆள் இல்லை.

கொலராடோ ஸ்பிரிங்ஸ் போலீஸ் ஊரை ஃபால்கன், கோல்ட் ஹில், சாண்ட் கிரீக், ஸ்டெட்சன் ஹில்ஸ் என்று நான்கு ரோந்துப் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறது. வடகிழக்கின் புதிய வளர்ச்சியில் பெரும்பங்கு ஸ்டெட்சன் ஹில்ஸ் பிரிவின் தலையில் விழுந்தது. புதிய குடியிருப்புகளில் குற்றம் குறைவாக இருக்கலாம். ஆனால் அங்கேயும் அவசர அழைப்பு வரும், வந்தால் போக வேண்டும். கொஞ்சமே அழைப்பு வரும் பரந்த இடத்துக்கும் ஐந்து பேர் கொண்ட அந்த இருக்கை தேவை. இல்லையென்றால் ஊரின் நடுவில் அழைப்பு குவியும் இடத்திலிருந்து ஆளை எடுத்து அனுப்ப வேண்டும். தொலைவில் ஒரு குடியிருப்புக்கு அனுமதி கொடுக்கும்போது, பழைய பேட்டைகளில் இருக்கும் ஏழைக் குடும்பத்தின் காத்திருப்பு நேரமும் சேர்ந்துதான் நீள்கிறது. இதை யாரும் வரைபடத்தில் குறிப்பதில்லை, கூட்டத்தில் சொல்வதும் இல்லை.

இதை வைத்துப் பார்த்தால் ஹெலிகாப்டர்களை விற்றதன் பொருள் புரியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஆடம்பரம். தூரம்தான் முக்கியத் தடையாக இருக்கும் ஊரில் தூரத்தைக் கடக்க உதவிய கருவி அது. தப்பி ஓடும் காரைப் பின்தொடரவும் மலையடிவாரத்தில் காணாமல் போனவரைத் தேடவும் அது பயன்பட்டது. எரிபொருளும் பராமரிப்பும் செலவுதான், மறுக்கவில்லை. விற்றதால் மிச்சமான பணத்தில் அந்தத் தூரத்தை ஈடுகட்டும் ஆட்களை எடுக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இருட்டு

2009 இலையுதிர் காலத்தில் நகராட்சி மக்களிடம் போனது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் ஏறத்தாழ 2.8 கோடி டாலர் துண்டு விழுகிறது, சொத்து வரியைப் படிப்படியாக உயர்த்த அனுமதியுங்கள் என்றது. நவம்பர் வாக்கெடுப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். மந்தத்தின் நடுவில் வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருந்த குடும்பங்களிடம், ஏற்கெனவே தாழ்ந்திருந்த வரி என்றாலும், அதைச் சில மடங்காக உயர்த்தக் கேட்டதை நினைத்தால் இந்த முடிவில் ஆச்சரியம் இல்லை. நகராட்சி வீண் செலவு செய்கிறது என்ற எண்ணமும் பரவலாக இருந்தது.

அந்த எண்ணத்துக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், ஊரின் புகழ்பெற்ற பிராட்மூர் ஹோட்டலின் தலைமை நிர்வாகி. ஹோட்டலில் ஓர் ஊழியருக்கு ஆகும் செலவையும் நகராட்சியில் ஆகும் செலவையும் ஒப்பிட்டுத் திறந்த மடல் எழுதினார். நகராட்சியின் சம்பளமும் சலுகைகளும் மிக அதிகம் என்பது அவர் வாதம். நிர்வாகத்தில் சிக்கனம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஒப்பீடுதான் பொருந்தவில்லை. ஹோட்டலின் ஆட்களில் பலர் அறை சுத்தம் செய்பவர்கள், பரிமாறுபவர்கள், சீசனுக்கு மட்டும் வருபவர்கள். நகராட்சியின் ஆட்களில் பெரும்பங்கு துப்பாக்கி ஏந்தவும் எரியும் வீட்டுக்குள் போகவும் பயிற்சி பெற்றவர்கள். ஹோட்டல் நிரம்பிவிட்டால் அறை இல்லை என்று விருந்தினரைத் திருப்பி அனுப்பலாம். அவசர எண்ணுக்கு அழைப்பவரிடம் ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

தெருவிளக்கு கதைக்கு வருவோம். ஊரில் 24,000க்கும் மேற்பட்ட விளக்குகள். அவற்றில் 8,000 முதல் 10,000 வரை அணைத்தால் ஆண்டுக்குச் சுமார் 12.5 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று கணக்கிட்டார்கள். மொத்தப் பற்றாக்குறையில் இது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் எல்லார் கண்ணிலும் பட்டது இதுதான். 'விளக்கைத் தத்தெடுங்கள்' என்று ஒரு திட்டம் வைத்தார்கள். உங்கள் வீட்டு வாசல் விளக்கு எரிய வேண்டுமானால் நகராட்சிக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுங்கள், எரிய விடுகிறோம். வரி உயர்வுக்கு எதிராக வாக்களித்தவர்களிலும் சிலர் தயங்காமல் கட்டினார்கள். தன் காசு தன் தெருவுக்கே போகிறது என்று தெரிந்தால் கொடுக்கிறார்கள். பொதுப் பையில் போடச் சொன்னால் நம்பிக்கை இல்லை. கட்ட முடிந்த தெருக்களில் வெளிச்சம் திரும்பியது, கட்ட வழியில்லாத தெருக்கள் இருண்டே கிடந்தன. பாதுகாப்பு உணர்வு வீட்டு வருமானத்தின்படி பிரிந்துபோவதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அப்புறம் திருடர்கள் வந்தார்கள். மின்சாரம் ஓடாத கம்பியை வெட்டுவதில் உயிர் பயம் இல்லை. அணைந்த விளக்குகளின் செப்புக் கம்பிகளை உருவிக்கொண்டு போனார்கள். மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் புதுக் கம்பிக்குச் செலவு வந்தது. திருட்டைப் பார்க்க வேண்டிய போலீஸிலோ காலி இடங்கள். விளக்கு ஒரு துறை, போலீஸ் இன்னொரு துறை என்று பட்ஜெட் புத்தகத்தில் தனித்தனிப் பக்கத்தில் எழுதிவிடலாம். தெருவில் அவை ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. விளக்கு அணைந்ததால் குற்றம் இவ்வளவு கூடியது என்று ஒரு எண்ணைச் சொல்ல நான் முயலமாட்டேன். மந்தமும் ஆள் குறைப்பும் சேர்ந்து நடந்த காலத்தில் ஒன்றின் விளைவை மட்டும் பிரித்தெடுப்பது கடினம்.

சமூக மையங்களையும் நீச்சல் குளங்களையும் காப்பாற்ற தேவாலயங்களும் தன்னார்வ அமைப்புகளும் முன்வந்தன. அக்கம்பக்கத்தார் சொந்தப் புல்வெட்டும் கருவியைக் கொண்டுவந்து பூங்காவைச் சுத்தம் செய்தார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் தன்னார்வலர் ரோந்து போக முடியாது, வடிகால் தோண்டவும் முடியாது.

2012 ஜூனில் வால்டோ பள்ளத்தாக்கில் பிடித்த காட்டுத்தீ மலையிறங்கி நகரின் மவுண்டன் ஷாடோஸ் குடியிருப்புக்குள் புகுந்தது. ஏறத்தாழ 350 வீடுகள் சாம்பலாயின, இருவர் இறந்தார்கள், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். காட்டின் விளிம்புவரை வீடு கட்ட அனுமதித்தால் தீயணைப்புச் செலவும் அந்த விளிம்புவரை போகும் என்பதை ஊர் அன்று கண்ணால் பார்த்தது. எரிந்த மண் தண்ணீரை உறிஞ்சாது. அடுத்தடுத்த மழைகளில் மலைச்சரிவிலிருந்து வெள்ளமும் சேறும் இறங்கின.

மழைநீர்

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். போலீஸோடு எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல் தோன்றும்.

சமவெளியில் வீடும் சாலையும் பார்க்கிங் தளமும் எழ எழ, மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடும். கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஓடும் தண்ணீர் எல்லாம் ஃபவுண்டன் கிரீக் என்ற ஓடையில் சேர்ந்து, தெற்கே 60, 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புவெப்லோ நகருக்குப் போகிறது. மேலே ஊர் விரிந்தது, கீழே கரைகள் அரித்தன, வயல்களில் மணல் படிந்தது, அழுக்குத் தண்ணீர் வந்தது.

2005இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் மழைநீர் வடிகாலுக்கென்று தனி அமைப்பை ஏற்படுத்தி, 2007 முதல் வீடுகளிடமும் நிறுவனங்களிடமும் கட்டணம் வசூலித்தது. டக்ளஸ் புரூஸும் அவருடைய ஆதரவாளர்களும் அதை 'மழை வரி' என்றார்கள். மக்களிடம் வாக்குக் கேட்காமல் கட்டணம் என்ற பெயரில் போட்ட வரி என்பது அவர்கள் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2009 நவம்பரில், சொத்து வரி தோற்ற அதே வாக்கெடுப்பில், அவர் முன்வைத்த இன்னொரு தீர்மானம் வென்றது. அதையடுத்து நகர மன்றம் வடிகால் கட்டணத்தையே நிறுத்திவிட்டது.

இதே 2009இல்தான் புவெப்லோ மாவட்டம் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு ஒரு பெரிய அனுமதி கொடுத்திருந்தது. புவெப்லோ நீர்த்தேக்கத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் 82.5 கோடி டாலர் குழாய்த் திட்டம். மழைநீரை ஒழுங்குபடுத்துவோம் என்ற உறுதியின் பேரில் கிடைத்த அனுமதி அது. அதே ஆண்டில் அந்த உறுதிக்குப் பின்னால் இருந்த பணம் காணாமல் போயிற்று. 2014இல் வட்டார அளவில் வடிகால் கட்டணம் கொண்டுவர மறுபடி வாக்குக் கேட்டார்கள், மறுபடி தோற்றது.

2016 ஏப்ரலில் குழாய்த் திட்டம் ஓடத் தொடங்க வேண்டிய நேரம். புவெப்லோ விடவில்லை. 20 ஆண்டுகளில் 46 கோடி டாலர் வடிகாலுக்குச் செலவு செய்வோம் என்று ஒப்பந்தம் போட்ட பிறகே வழிவிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 2.3 கோடி டாலர். நவம்பரில் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அமைப்பும் மாநில அரசும் தூய்மை நீர்ச் சட்டத்தின் கீழ் நகரின்மேல் வழக்குப் போட்டன. 2018இல் தீர்ப்பு நகருக்கு எதிராக வந்தது.

கட்டணம் இல்லாத நிலையில் அந்தப் பணத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வரும்? பொது நிதியிலிருந்து. போலீஸும் தீயணைப்பும் சம்பளம் வாங்கும் அதே பையிலிருந்து. வழக்கும் ஒப்பந்தமும் வடிகாலைக் கட்டாயமாக்கிவிட்டதால், வளைந்து கொடுக்கக்கூடியதாக மிஞ்சியது புதிய காவலர் பணியிடங்கள்தான். அந்த ஆண்டுகளில் அழைப்புகளுக்குப் போய்ச்சேரும் நேரம் நீண்டது. சிறப்புப் பிரிவுகளில் இருந்தவர்களை ரோந்துக்கு இழுத்துப் போட்டார்கள். 2009இல் ஒரு வடிகால் கட்டணத்தை ஒழித்ததற்கான பில், ஏழெட்டு ஆண்டுகள் கழித்து ஒரு பெண் அவசர எண்ணை அழைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிமிடங்களாக வந்துசேர்ந்தது.

சுதர்ஸின் வரிசை

2010 நவம்பரில் மக்கள் நகரின் ஆட்சிமுறையையே மாற்றி, மேயருக்கு நேரடி நிர்வாக அதிகாரம் கொடுத்தார்கள். 2015இல் அந்தப் பதவிக்கு வந்தவர் ஜான் சுதர்ஸ், மாநிலத்தின் முன்னாள் தலைமை வழக்கறிஞர், குடியரசுக் கட்சிக்காரர். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது பணத்தைக் கேட்ட வரிசை.

முதலில் சாலை. ஊரில் எல்லாருக்கும் குண்டும் குழியும் தெரியும். 2015 நவம்பரில் ஐந்து ஆண்டுக்கு மட்டும் 0.62 சதவீத விற்பனை வரி, ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர், முழுவதும் தார் போடுவதற்கே என்றார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஒத்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டுக்கு முன்னால் விளக்கையே அணைத்த அதே வாக்காளர்கள்! தார் ஊற்றுவதைக் கண்ணால் பார்த்த பிறகு, 2017 நவம்பரில் வடிகால் கட்டணத்தைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு மாதம் 5 டாலர், மற்ற நிலங்களுக்கு ஏக்கருக்கு மாதம் 30 டாலர். இந்தத் தடவை மன்றத்தில் முடிவெடுத்துத் திணிக்காமல் வாக்குக்கு விட்டார். அதோடு வெளிப்படையாகச் சொன்னார்: வடிகாலுக்குத் தனிப் பணம் வந்தால் பொது நிதியில் இடம் கிடைக்கும், அந்த இடத்தில் போலீஸையும் தீயணைப்பு வீரர்களையும் எடுப்போம்.

பாதிக்குச் சற்று மேலானவர்கள் ஆதரித்தார்கள். 2018 ஜூலையில் கட்டணம் தொடங்கியது. காவலர் பணியிடங்கள் கூடின. மழைநீருக்குக் கட்டிய 5 டாலரில் ரோந்து வண்டிக்கு ஆள் கிடைத்தது. போலீஸுக்கு நிதி கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் சத்தம் போடுகிற அமெரிக்க விவாதத்தில் இந்த மாதிரி உதாரணம் அபூர்வமாகத்தான் பேசப்படுகிறது. அரசியல் மேடைக்கு வடிகால் சுவாரசியமான பொருள் இல்லை.

சுதர்ஸின் முறைக்குக் குறையும் உண்டு. சாலை வரி விற்பனை வரி. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே விகிதம், சம்பளத்தில் பெரும்பகுதியைக் கடையில் செலவழிப்பவருக்குத்தான் பாரம் அதிகம். விற்பனை வரியை நம்பியிருந்ததால் 2008இல் விழுந்த ஊர், எழுந்திருக்கவும் அதையே பிடித்தது. சொத்து வரி பக்கம் அவர் போகவில்லை. போயிருந்தால் தோற்றிருப்பார் என்பதும் உண்மைதான்.

போன சில ஆண்டுகள்

பணியிடம் கூடினாலும் அதை நிரப்புவது தனிப் போராட்டமாகியது. நாடெங்கும் 2020க்குப் பிறகு போலீஸ் வேலைக்கு விண்ணப்பங்கள் குறைந்தன, இருந்தவர்களும் விலகினார்கள். இங்கேயும் காலியிடங்கள் தொடர்ந்தன. பயிற்சி கொடுக்கும் இடமும் போதவில்லை. 2023 நவம்பரில் நகராட்சி மக்களிடம் ஒரு கேள்வி வைத்தது: சாசனத்தின் வரம்புக்கு மேல் வந்த 47.5 லட்சம் டாலரைத் திருப்பித் தராமல், புதிய போலீஸ் பயிற்சி மையத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? புது வரி எதுவும் இல்லை. குடும்பத்துக்குத் திரும்பி வரக்கூடிய தொகையும் சொற்பம். மக்கள் மறுத்துவிட்டார்கள்.

போலீஸை மதிக்கும் ராணுவ ஊர் என்று பெயரெடுத்த இடத்தில் இது நடந்தது. போலீஸ் மேலிருந்த வெறுப்பு என்று இதை நான் படிக்கவில்லை. தார், வடிகால் இரண்டும் வீட்டு வாசலிலிருந்து தெரிபவை. பயிற்சி மையம் ஒரு கட்டிடம். அது வந்தால் என் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் வண்டி வரும் என்ற கேள்விக்குப் பதில் அந்த வாக்குச்சீட்டில் இல்லை. நகராட்சி அந்தப் பதிலை முதலில் தந்திருக்க வேண்டும்.

அடுத்த சோதனை நிலத்தைப் பற்றியது. 2025 ஜனவரியில் நகர மன்றம் கார்மன் லைன் என்ற சுமார் 1,900 ஏக்கர் நிலத்தை நகரோடு இணைக்க ஒப்புதல் கொடுத்தது. 6,500 வீடுகள் வரும் திட்டம். அந்த நிலம் நகரை ஒட்டி இல்லை. கிழக்கே ஷ்ரீவர் விண்வெளிப் படைத் தளத்தின் பக்கம் கிடந்தது. ஆகவே பிராட்லி சாலையின் நெடுக ஒரு மெல்லிய பட்டையை இணைத்து, அதன் நுனியில் நிலத்தைக் கோத்தார்கள். சட்டம் அனுமதிக்கும் வழிதான். ஆனால் அந்தப் பட்டையின் நுனிக்கு ரோந்து வண்டியும் தீயணைப்பு வண்டியும் போக வேண்டும், தண்ணீர்க் குழாயும் போக வேண்டும்.

புதிய குடியிருப்பு தன் செலவுக்கான வரியைத் தானே கொண்டுவரும் என்பது ஆதரவாளர்களின் வாதம். வீடு விற்கும் முதல் சில ஆண்டுகளுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். கட்டுமானப் பொருளுக்கு விற்பனை வரி வரும், சாலை புதிதாக இருக்கும், குழாய் உடையாது. இருபது ஆண்டு கழித்துச் சாலை பழுதாகும்போது கட்டுமான வரி வராது, ஐந்து பேர் கொண்ட அந்த ரோந்து இருக்கைக்கு ஆண்டுதோறும் சம்பளம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பானிங் லூயிஸ் ராஞ்சைப் பார்த்து வளர்ந்த ஊருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மக்கள் கையெழுத்துத் திரட்டினார்கள். தண்ணீர் போதுமா, போலீஸும் தீயணைப்பும் அங்கே எப்படிப் போய்ச்சேரும் என்ற கேள்விகள்தான் பிரசாரத்தில் திரும்பத் திரும்ப வந்தன. 2025 ஜூன் 17 அன்று நடந்த சிறப்பு வாக்கெடுப்பில் 82 சதவீதம் பேர் இணைப்பை நிராகரித்தார்கள்.

2009இல் வரியை மறுத்த ஊர், 2025இல் செலவை அதன் வேரிலேயே மறுத்தது. எனக்கு இரண்டாவது மறுப்பு பெரிய முன்னேற்றமாகப் படுகிறது. முதல் தடவை சேவை வேண்டும், காசு தரமாட்டோம் என்றார்கள். இந்தத் தடவை இருக்கிற போலீஸை இன்னும் மெல்லியதாக இழுக்காதீர்கள் என்றார்கள். ஆனால் அந்த வாக்கு புதிய நிலத்தைத்தான் தடுத்தது. 1988இல் சேர்த்த நிலம் நகர எல்லைக்குள்ளேயே இருக்கிறது, 2018இல் விதிகள் தளர்ந்த பிறகு அங்கே வீடுகள் வேகமாக எழுகின்றன. அவற்றுக்கான ரோந்து இருக்கைகளுக்குப் பணம், இன்றைக்கும், ஊர்க்காரர்கள் கடைக்குப் போய் வாங்கும் பொருளின் மேல் விழும் வரியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.